ஃபாடோ பாட்டுக்குத் திறந்தவெளி மேடை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுகல் நாட்டின் மரபுப் பாட்டான ஃபாடோவைப் பாடும் கார்மின்யோவின் வெளிநாட்டுப் புகழைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த இசைக்கு முழுப் பக்கம் கொடுத்தது மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்களில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. 2023-ல் வந்த 'புவர் திங்ஸ்' படத்தில் பால்கனியில் பாடிய காட்சிதான் அவரை உலகுக்குக் காட்டியது என்கிறது கட்டுரை. அது சரியல்ல. முடிவில், அடுத்த மே மாதக் கோடை விழாவில் ஊட்டி தாவரவியல் பூங்கா மேடையிலோ குன்னூர் சிம்ஸ் பூங்காவிலோ இப்படியொரு பாடகியைப் பாட வைக்கலாமே என்று ஒரு யோசனையும் சொல்கிறது. அந்த யோசனை அப்படியே நடந்தால், ஒரு முறை கேட்டவர்கள் மறுமுறை ஃபாடோ பக்கம் திரும்ப மாட்டார்கள். ஆகவே இந்த நீண்ட கடிதம்.

முதலில் கார்மின்யோவின் வளர்ச்சி. அவர் 1984-ல் லிஸ்பனில் பிறந்தவர். தாயார் தெரேசா சிகேராவும் ஃபாடோ பாடகி. அல்ஃபாமா பகுதியில் ஃபாடோ விடுதி நடத்திய குடும்பம். மூத்த பாடகர்கள் எந்த வரியில் மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல்லை இழுக்கிறார்கள், எதைச் சட்டென்று விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே காதில் ஏறியிருந்தது. அப்படியிருந்தும் அவர் அவசரப்படவில்லை. விளம்பரத் துறைப் படிப்பை முடித்து, ஓராண்டு உலகைச் சுற்றித் தொண்டுப் பணிகளில் இருந்துவிட்டு, 2009-ல்தான் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அதன் பெயரும் 'ஃபாடோ'தான்.

அடுத்த படி ஸ்பெயின். 2011-ல் ஸ்பானியப் பாடகர் பாப்லோ அல்போரானுடன் சேர்ந்து பாடிய பாட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 2012-ல் 'அல்மா' ஆல்பம். அதன் பிறகு பிரேசிலில் சீக்கோ புவார்க்கே, மில்டன் நாசிமென்டோ போன்ற பெரியவர்களுடன் பாடினார். 2016-ல் பிரேசில் இசையமைப்பாளர் டாம் ஜோபிமின் பாடல்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம். ஜோபிமின் கடைசிக் காலக் குழுவில் வாசித்தவர்களே அதில் பக்கம் வாசித்தார்கள். 2018-ல் 'மரியா', 2023-ல் 'போர்ச்சுகேசா'. இத்தனைக்கும் பிறகுதான் படம் திரைக்கு வந்தது. அவருடைய குரலை ஏற்கெனவே அறிந்திருந்ததால்தான் இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் அவரைத் தேடி வந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஃபாடோ சொல்லை நம்பிய பாட்டு. சொல் புரியும் நாடுகள் முதலில் திறக்கும். பிரேசிலுக்கு மொழி ஒன்று. ஸ்பெயினுக்கு மொழி பக்கத்து வீடு. ஆங்கிலம் பேசும் நாடுகள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இதற்கு விலக்கும் உண்டு. டச்சுக்காரர்களுக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது; ஆனாலும் ஃபாடோ பாடகி கிரிஸ்டினா பிராங்கோவின் முதல் ஆல்பம் ஆம்ஸ்டர்டாம் கச்சேரி ஒன்றில் பதிவானதுதான். இன்னொரு ஃபாடோ பாடகி மரீசாவின் முதல் ஆல்பத்தை 2001-ல் வெளியிட்டதும் ஒரு டச்சு நிறுவனமே. கேட்பவர்களை அமைதியாக உட்கார வைக்கும் சிறிய, நல்ல அரங்குகள் அந்நாட்டில் ஊருக்கு ஊர் இருப்பதுதான் அதற்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. இந்தக் கடிதத்தின் மையக் கருத்தும் அதுவே: ஃபாடோவை உலகெங்கும் சுமந்து சென்றவை சிறிய அறைகள். பெரிய மேடைகள் அவற்றின் தோளில் ஏறித்தான் வந்தன.

மரீசாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. அவர் மொசாம்பிக்கில் 1973-ல் பிறந்து, சிறு குழந்தையாக லிஸ்பன் வந்து, மொராரியா பகுதியில் பெற்றோர் நடத்திய சிறு உணவகத்தில் பாடிப் பழகியவர். 1999 அக்டோபர் 6-ல் ஃபாடோவின் பெரும் பாடகி அமாலியா ரொட்ரீகஸ் மறைந்தபோது நடந்த அஞ்சலி நிகழ்ச்சிகளில்தான் நாடு மரீசாவைக் கவனித்தது. 2003-ல் பிபிசி ரேடியோ 3-ன் உலக இசை விருது, ஐரோப்பியப் பிரிவில். 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வால்ட் டிஸ்னி அரங்கில் அவர் பாடியபோது, அரங்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியே அந்த மேடையை ஒரு லிஸ்பன் மதுக்கூடம் போல மாற்றிக் கொடுத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட மண்டபத்துக்குள் ஒரு சின்ன அறையைக் கட்டினார்கள்! இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு: சில கச்சேரிகளில் கடைசிப் பாட்டுக்கு மைக்கை ஒதுக்கிவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து வெறும் குரலில் பாடுவார். பெரிய அரங்கில் நிற்கும்போதும் அந்தப் பாட்டு பிறந்த அளவை அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த அளவு எது? லிஸ்பனின் ஃபாடோ விடுதி என்பது பெரும்பாலும் ஐம்பது, அறுபது பேர் நெருங்கி உட்காரும் உணவகம். பாட்டு தொடங்கும் முன் விளக்கைக் குறைப்பார்கள். பரிமாறுவது நின்றுவிடும், தட்டுச் சத்தம் கூடாது. கிதார்க்காரர்கள் உட்கார்ந்திருக்க, பாடகர் அவர்களுக்கு முன் நின்று, மைக் இல்லாமல் மூன்று அல்லது நான்கு பாட்டுகள் பாடுவார். பிறகு விளக்கு ஏறும், சாப்பாடு தொடரும், அடுத்த பாடகர் வருவார். இரவு முழுக்க இப்படியே. 1926 இராணுவப் புரட்சிக்குப் பின் வந்த அரசு, 1927-ல் பொது நிகழ்ச்சிகளுக்குச் சட்டம் போட்டு, பாடகருக்குத் தொழில் அட்டை, பாட்டு வரிகளுக்குத் தணிக்கை, பாடும் இடத்துக்கு உரிமம் என்று கட்டாயமாக்கியது. தெருவிலும் மதுக்கடையிலும் சுதந்திரமாகப் பாடிக்கொண்டிருந்ததை இன்றைய விடுதி வடிவத்துக்குத் தள்ளியதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1974 ஏப்ரல் புரட்சிக்குப் பிறகு பழைய ஆட்சியின் பாட்டு என்று சில காலம் ஒதுக்கியும் வைத்தார்கள். தொண்ணூறுகளில் மீசியா, கமானே போன்ற பாடகர்கள் மீட்டெடுத்த பாதையில்தான் மரீசாவும் கார்மின்யோவும் நடந்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் ஃபாடோ ஏறியது 2011 நவம்பர் 27-ல்.

பாட்டின் அமைப்பையும் சொல்ல வேண்டும்; கட்டுரை அதைத் தொடவே இல்லை. மரபான ஃபாடோவில் மெட்டு வேறு, கவிதை வேறு. மெனோர், கொரீடு, மொராரியா என்ற மூன்றும் ஆதி மெட்டுகள். யார் போட்டது என்று தெரியாதவை. இவற்றோடு பின்னாளில் கிதார்க்காரர்கள் போட்ட மெட்டுகளும் சேர்ந்து நூற்றுக்கு மேல் புழக்கத்தில் இருக்கின்றன. ஏழு அசை கொண்ட நாலடிப் பாட்டுக்கு ஒரு கூட்டம், ஐந்தடிக்கு ஒரு கூட்டம், ஆறடிக்கு, பத்து அசை வரிக்கு, பன்னிரண்டு அசை வரிக்கு என்று தனித்தனிக் கூட்டங்கள். அளவு பொருந்தினால் எந்தக் கவிதையையும் எந்த மெட்டிலும் ஏற்றலாம். காவடிச் சிந்து மெட்டில் வேறு வரிகளை ஏற்றிப் பாடிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. மேடையில் பாடகி கிதார்க்காரரிடம் மெட்டின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்வார். ஒத்திகை வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியிலும் மெட்டை அவர் தம் போக்கில் வளைப்பார். சொல்லுக்கு ஏற்பத் தாளத்தை முந்தியும் பிந்தியும் பிடிப்பார். கிதார் அவர் விட்ட இடைவெளியில் பதில் சொல்லும். நம் விருத்தத்தில் பாடகர் ஒரு வரியை முடிக்க, வயலின் அதை வாங்கி விரிக்கிறதே, கேட்கிறவர் காது அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

இதில் தொழில் சார்ந்த ஒரு நுட்பம் இருக்கிறது. மெட்டு பொதுச்சொத்து என்பதால், இளம் பாடகி தனக்கென்று தேட வேண்டியது கவிதையைத்தான். தனக்காக எழுதப்பட்ட அல்லது தானே கண்டெடுத்த கவிதையைப் பழைய மெட்டில் ஏற்றி, அந்தச் சேர்க்கையைத் தன் பெயரோடு நிலைநிறுத்துவதுதான் முதல் ஆல்பத்தின் வேலை. வேறொருவர் நிலைநிறுத்திய பாட்டை அவர் முன்னிலையிலேயே பாடுவது விடுதிகளில் மரியாதைக் குறைவு. அமாலியாவின் பாட்டுகளை மட்டும் பாடிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் ஓரிரு சுற்றுகளில் நின்றுவிடுவது இதனால்தான்; கேட்பவர் அமாலியாவின் பழைய பதிவுக்கே திரும்பிவிடுகிறார். மரீசா தம் இரண்டாவது ஆல்பத்திலிருந்தே புதிய மெட்டுகளையும் புதிய கவிதைகளையும் கூட்டினார். கார்மின்யோ தாமே எழுதுகிறார், தாமே தயாரிக்கிறார். மின் கிதாரையும் மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியையும் சேர்த்துக்கொண்டாலும் அடியில் மரபு மெட்டின் கட்டு குலைவதில்லை. அவருடைய வெளிநாட்டு வளர்ச்சிக்கு எங்கள் பார்வையில் முதன்மையான காரணம் இதுவே.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு: ஃபாடோ குழு சிறியது. பாடகி, போர்ச்சுகீசிய கிதார், 'வியோலா' என்று அவர்கள் சொல்லும் எஃகுக் கம்பி கிதார், பாஸ் கிதார், ஓர் ஒலிப் பொறியாளர், ஒரு சுற்றுப்பயண மேலாளர். ஆறு பேர். இதனால் சின்ன ஊர் அரங்கும் கட்டுப்படியாகும். வுமெக்ஸ் போன்ற உலக இசைச் சந்தைகளில் ஒரு குழுவுக்கு முக்கால் மணி நேரம்தான் தருவார்கள். எதிரே அமர்ந்திருப்பவர்கள் விழா அமைப்பாளர்கள். மேடையை மாற்றி அமைக்கப் பதினைந்து நிமிடம் போதும் என்கிற குழுவுக்கு அங்கே அனுகூலம். அந்தச் சந்தையே 2022-ல் லிஸ்பனில் நடந்தது. மரீசாவுக்கு அவர்களுடைய கலைஞர் விருது 2014-ல் கிடைத்தது.

இனி நம் மலைக்கு வருவோம். ஊட்டி மலர்க்காட்சியும் குன்னூர் பழக்காட்சியும் கோத்தகிரி காய்கறிக்காட்சியும் கூட்டத்துக்கான விழாக்கள். கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், குழந்தைகள் அழும், ஒலிபெருக்கியில் காணாமல் போனவர் பெயர் அறிவிப்பார்கள். அங்கே தவில் நிற்கும், படுகர் ஆட்டப் பாட்டு நிற்கும். ஃபாடோ நிற்காது. ஒரு சொல்லுக்குப் பின் வரும் அரை நொடி மௌனத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்த அரை நொடி அங்கே கிடைக்கவே கிடைக்காது.

கருவிக்கும் அது ஆகாது. போர்ச்சுகீசிய கிதாருக்கு ஆறு இரட்டைகளாகப் பன்னிரண்டு எஃகுக் கம்பிகள். லிஸ்பன் முறையில் அடியிலிருந்து மேலாக டி, ஏ, பி, இ, ஏ, பி என்று சுருதி. மேல் மூன்று இரட்டைகளில் இரு கம்பிகளும் ஒரே சுரத்தில் நிற்கும்; கீழ் மூன்றில் ஒரு கம்பி ஒரு ஸ்தாயி ஏறி நிற்கும். மிக மெல்லிய கம்பி கால் மில்லிமீட்டர் கனம்கூட இராது. தலைப்பகுதியில் விசிறி வடிவில் பன்னிரண்டு திருகு முறுக்காணிகள். ஒரு இரட்டையில் ஒரு கம்பி இம்மி விலகினாலும் முழுக் கருவியும் அபசுரமாக அதிரத் தொடங்கும்; சாதாரண கிதாரில் காது மன்னித்துவிடும் பிழையை இதில் மன்னிக்காது.

மலைக் காற்றில் என்ன ஆகும்? எஃகுக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூட்டில் நீண்டு இறங்கும். இது சில நிமிடங்களில் நடப்பது. மரம் மெதுவானது. ஈரத்தை வாங்கிப் பலகை உப்பும், கம்பி விரல் பலகையிலிருந்து உயரும், சுருதி ஏறும். உலர்ந்தால் எதிர்மாறு. மூடுபனி மேடையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த மலையின் பழங்குடியினரான கோத்தர்கள் தம் தோற்கருவிகளை வாசிக்கும் முன் தீயில் காட்டி விறைப்பேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மலையின் ஈரம் இசைக்கருவியை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கிதாரைத் தீயில் காட்ட முடியாது. ஹீட்டர் வைக்கலாமே என்று தோன்றும். வெளியே 8 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும் காற்றை அரங்குக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 36, 37 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பிறகு கூட்டம் வந்து மூச்சு விட விட மறுபடி ஏறும். மரக் கருவிக்கு ஏற்றது 45 முதல் 55. ஆகவே ஹீட்டரைக் காலையிலிருந்தே குறைந்த சூட்டில் ஓடவிட்டு 18, 19 டிகிரியில் நிறுத்துவதும், மேடைக்கு அருகில் ஹீட்டரே வைக்காததும் நல்லது. மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஈரப்பதமானி ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வைத்து ஒப்பிடவும்.

பயணத்தில் கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். முழுவதும் தளர்த்தினால் மறுபடி நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். கோவையின் வெயிலிலிருந்து மேலே வந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. அரங்குக்குள்ளேயே மூடியபடி மூன்று, நான்கு மணி நேரம் கிடக்கட்டும். இரவுக் குளிரில் காரில் இருந்த கருவியை ஆள் நிறைந்த அரங்குக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் கம்பியில் நீர் பூக்கும், துரு பிடிக்கும். மெல்லிய கம்பி அறுந்தால் பயப்பட வேண்டாம். கோவைக் கடைகளில் கிடைக்கும் 0.009 அங்குல மின் கிதார்க் கம்பியின் குண்டை எடுத்துவிட்டு, முனையை வளையமாக முறுக்கினால் இதற்குப் பொருந்தும். வாசிப்பவர் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பொய்நகம் வைத்து ஒட்டுப் பட்டையால் சுற்றிக்கொள்வார். ஈரக் காற்றில் அந்தப் பட்டை வழுக்கும். கை துடைக்க உலர்ந்த துணி, உதிரிப் பட்டை, கையைச் சூடேற்ற வெந்நீர்ப் பை: இந்த மூன்றும் மேடைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பாடகிக்கு வேறு சிக்கல். லிஸ்பன் கடல் மட்டத்து ஊர். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். நீண்ட சொல்லைப் பிடித்து நிறுத்தும் பாட்டுக்கு இது நேரடி அடி. மூன்றாவது பாட்டிலேயே வரி நடுவில் மூச்சு வாங்கும். குன்னூர் 1,850 மீட்டர்தான், குளிரும் குறைவு. எனவே இடம் குன்னூராகவோ கோத்தகிரியாகவோ இருக்கட்டும், பாடகி இரண்டு நாள் முன்னதாகவே மேலே வந்துவிடட்டும். குடிக்க இளஞ்சூட்டு நீர் பிளாஸ்கில் வைக்கவும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது வெளியூர் மேலாளர்களுக்குத் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாகனத்துக்கு இ-பாஸ் எடுப்பதும் அப்படியே.

மாதம்? ஏப்ரல், மே வேண்டாம், கூட்டமும் கோடை மழையும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவம். அக்டோபர், நவம்பரில் குன்னூர்–கோத்தகிரிச் சரிவில் வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு, சாலை அடைப்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளி அரங்கம் கிடைக்காது. மிஞ்சுவது பிப்ரவரியின் இரண்டாம் பாதி. காற்றும் அப்போதுதான் ஓரளவு நிலையாக இருக்கும்.

அரங்கு 150, அதிகம் போனால் 200 பேருக்கு. பழைய கல் கட்டடம், மர ஓட்டுக் கூரை, மர மேடை இருந்தால் மைக்கே வேண்டாம். தகரக் கூரை கூடவே கூடாது. ஒரு தூறல் போதும், பாட்டு கேட்காது. கல் சுவரில் ஒலி இரண்டு நொடி சுற்றும். ஃபாடோவுக்கு ஒரு நொடியிலிருந்து ஒன்றேகால் நொடி போதும், மிஞ்சினால் சொல் கலங்கும். பின்சுவரில் கனமான கம்பளிகளைத் தொங்கவிட்டுக் கைதட்டிப் பார்க்கவும். ஆனால் அளவோடு. நம் ஊர்க் கூட்டம் ஸ்வெட்டரும் சால்வையுமாக வரும். நூற்றைம்பது பேரின் கம்பளியே உயர் சுரங்களை நிறைய உறிஞ்சிவிடும். வெற்று அரங்கில் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் கூட்டம் நிரம்பியபின் சரியாக வரும்.

முந்நூறு பேரைத் தாண்டினால் மைக் தவிர்க்க முடியாது. அப்போது மைக் செட்காரரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியவை: எக்கோ கூடாது. ஹாரன் கூடாது, இரண்டு பாக்ஸ் போதும். போர்ச்சுகீசிய கிதாருக்குச் சிறிய கண்டென்சர் மைக், ஒலித் துளைக்கு நேராக இல்லாமல் கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, ஒரு சாண் தள்ளி. துளைக்கு நேரே வைத்தால் குடம் போல் முழங்கும். பாஸ் கிதாருக்கு நேரடி இணைப்பு. மேடையில் இருப்பவர்கள் தம் ஒலியைக் கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டியின் ஒலியை மிகக் குறைவாக வைக்கவும். பன்னிரண்டு கம்பிகளும் மானிட்டர் ஒலிக்குத் தாமே அதிர்ந்து கூவல் எடுக்கும், செட்காரர் உயர் சுரங்களை வெட்டுவார், அதோடு கிதாரின் மினுக்கம் போய்விடும். நால்வரும் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும்படி நெருங்கி உட்கார்ந்தால் மானிட்டரே தேவைப்படாது. பெரிய மேடையில் அவர்களை ஓரத்துக்கு ஒருவராகப் பிரித்து வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஜெனரேட்டரைக் கட்டடத்தின் மறுபக்கம், கீழ்ச் சரிவில் நிறுத்தவும்.

நிகழ்ச்சி 75 நிமிடம், பதினான்கு பாட்டு அளவு. நடுவில் ஒரு கிதார் தனி வாசிப்பு. பாடகியின் தொண்டைக்கு அந்த ஆறு நிமிடம் அவசியம். வரிகளின் தமிழாக்கத்தைத் தாளில் அச்சிட்டு, இருட்டில் படிக்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன் இரண்டே வரியில் பொருளைத் தமிழில் சொன்னால் போதும். பாட்டின் நடுவில் திரையில் மொழிபெயர்ப்பு ஓடினால் எல்லோர் கண்ணும் திரைக்குப் போய்விடும். தேநீரும் வர்க்கியும் முடிந்த பிறகே; வர்க்கி கடிக்கும் ஓசை அந்த அமைதியில் கடைசி வரிசை வரை கேட்கும். கடைசி அடியில் பாடகி ஒரு சொல்லை நிறுத்திப் பிடிக்கும்போது கிதாரும் நிற்கும். பாட்டு அங்கே முடியவில்லை. பாடகி வரியை முடிக்க, கிதார்கள் இரண்டு அடி அடித்து மூடும். கைதட்டல் அதற்குப் பிறகு.

செலவைப் பற்றிக் கட்டுரையில் பேச்சே இல்லை. கார்மின்யோ போன்ற ஒருவர் ஒரே கச்சேரிக்காக மலை ஏறி வர மாட்டார். டெல்லி, மும்பை, பெங்களூரு என்று ஒரு சுற்று அமைந்து, அதில் நடுவே ஒரு நாள் காலியாக இருந்தால்தான் வழி. அப்படி வரும்போதும் பேசிய தொகை வரிப் பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகையில் மூலவரி பிடிப்பது அமைப்பாளர் பொறுப்பு. மரபு மெட்டுக்கு உரிமைத் தொகை இல்லை என்றாலும் அதில் ஏறிய கவிதைக்கு இருக்கலாம்; பாட்டுப் பட்டியலை முன்பே வாங்கி உரிமம் எடுக்கவும்.

எங்கள் யோசனை, முதலில் கோவாவிலிருந்து தொடங்குவது. சோனியா ஷிர்சத் லிஸ்பன் மேடைகளிலும் பாடிய கோவாப் பாடகி. அங்கேயே ஃபாடோ பாடவும் போர்ச்சுகீசிய கிதார் வாசிக்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோவை வரை ரயிலில் வந்துவிடலாம், விசா வேண்டாம், ஈரக் காற்றைக் கருவியும் அறியும். பிப்ரவரியில் நூற்றைம்பது பேர் அரங்கில் இரண்டு மாலை நடத்திப் பார்த்தால், இங்கே அமைதியாகக் கேட்கும் கூட்டம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அதுவரை கேட்க விரும்பும் வாசகர்களுக்கு: அமாலியா 1962-ல் வெளியிட்ட 'புஸ்டு' ஆல்பத்தில் தொடங்கவும், அலேன் ஊல்மன் மெட்டமைத்த பாட்டுகள் அதில் இருக்கின்றன. அடுத்து மரீசாவின் 2010 ஆல்பம் 'ஃபாடோ ட்ரெடிசியோனல்'. மரபு மெட்டுகள் எப்படி நிற்கும் என்பதை அது காட்டும். மூன்றாவதாகக் கார்மின்யோவின் 'மரியா'. கைபேசி ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். கிதாரின் கீழ் இரட்டைகள் அதில் கேட்கவே மாட்டா.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தில் பாடகியின் இடப்புறம் இருப்பவர் கையில் உள்ள கருவியை மாண்டலின் என்று குறித்திருந்தீர்கள். அதுதான் போர்ச்சுகீசிய கிதார். தலைப்பகுதியில் விசிறியாக விரிந்த முறுக்காணிகள் படத்திலேயே தெளிவாகத் தெரிகின்றன. இணையப் பதிப்பிலாவது திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இசை ரசிகர்கள் சிலர்,
குன்னூர், கோத்தகிரி,
நீலகிரி மாவட்டம்.